கன்னியின் உத்தரவு

எங்கள் வீட்டில் செத்துப்போன அத்தையைக் கேட்காமல் ஒரு காரியமும் நடக்காது. பசு வாங்குவதா, அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்வருவதா, கொல்லையில் கோழிக்கூடு கட்டுவதா, எல்லாவற்றுக்கும் அவள்தான் உத்தரவு கொடுக்க வேண்டும். அப்பா ஆசைப்பட்ட காரியங்களுக்கு அவள் சரி என்பாள். மற்றவர்கள் ஆசைப்பட்டதற்கு வேண்டாம் என்பாள். அது எப்படி ஒவ்வொரு முறையும் இப்படியே அமைகிறது என்று பதினான்கு வயதுவரை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. சாமி காரியம் என்றால் நாமெல்லாம் மூளையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம்.

அப்பா அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியாக இருந்தார். கங்காணிமாரின் பழைய அதிகாரம் அப்போதே பாதி போய்விட்டது. தோட்டத்தில் சங்கம் வந்திருந்தது, தொரையிடம் ஆட்கள் நேரே போய்ப் பேசினார்கள். ஆனால் வீட்டுக்குள் சங்கம் வரவில்லை. எங்கள் வீடு ஆட்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயங்களை விட்டுத் தள்ளி, டர்பன்டைன் மரங்களுக்கு நடுவில், கல்லும் தகரமுமாக இருந்தது. பாதி வருஷம் மழை, மீதி வருஷம் மிஸ்ட். சுவரில் எப்போதும் ஈரம் கசிந்துகொண்டிருக்கும். பின்பக்கத்து அறை ஒன்று பூட்டியே கிடக்கும். அதன் சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. குளிக்கும்போதுகூட அவர் அதை அவிழ்த்ததில்லை.

அந்த அறைக்குள் உத்தரத்திலிருந்து ஓர் ஓலைப்பெட்டி தொங்கியது. அதற்குள் ஒரு புதுச்சேலை, கண்ணாடி வளையல், சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, மைக்கூடு. அதுதான் எங்கள் வீட்டுக் கன்னி. கல்யாணமாகாமல் செத்த பெண் அந்த வீட்டிலேயே சாமியாகத் தங்கிவிடுவாள், அவளுக்கு வருஷா வருஷம் புதுச்சேலை எடுத்துப் படைக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறும்போதே கட்டிக்கொண்டுவந்த வழக்கம். எங்கள் கன்னி அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி.

எனக்குச் சொல்லப்பட்ட கதை இதுதான். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய வருஷம், ஆடி மாதம், ஆறு கரை கொள்ளாமல் போனது. குளிக்கப்போன அத்தை திரும்பி வரவில்லை. பாறைமேல் அவளுடைய தாவணி மட்டும் கிடந்தது. உடல் கிடைக்கவில்லை. அப்பா வாழைத்தண்டில் ஆள்போல ஒன்றைச் செய்து, அதற்குச் சேலை சுற்றி, தோட்டத்து மயானத்தில் புதைத்துக் கருமாதியும் செய்துவிட்டார். அப்போது நான் தவழ்கிற பிள்ளை. மறுவருஷம் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு, கண்ணைச் சொருகிக்கொண்டு கிடந்தான். வெளித்தோட்டத்திலிருந்து ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவர் உடுக்கை அடித்துக் குறி பார்த்து, இந்த வீட்டில் கன்னி கழியாமல் செத்த பெண் உண்டா என்று கேட்டார். கூடியிருந்த லயத்து ஆட்கள் முன்னால் அப்பா உண்டு என்றார். வேறென்ன சொல்ல முடியும்? கோடாங்கி பெட்டி கட்டச் சொன்னார். பெட்டி கட்டினார்கள். தம்பி பிழைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடி கடைசி வெள்ளியும் கோடாங்கி வருவார். புதுச்சேலையைப் பெட்டியில் வைத்து, போன வருஷத்துச் சேலையை வெளியே எடுப்பார்கள். அதைச் சுமங்கலி ஒருத்தி யாரும் பார்க்காமல் ஆற்றில் விட வேண்டும். அந்த வேலையை அம்மாதான் செய்வாள். பிறகு தலைவாழை இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல், அதிரசம், பணியாரம் எல்லாம் படைப்பார்கள். கோடாங்கி உடுக்கையைத் தட்டித் தட்டிக் கடைசியில் கீச்சுக் குரலில் பேசத் தொடங்குவார். அது அத்தை பேசுவது. அப்போதுதான் உத்தரவு கேட்க வேண்டும்.

எனக்கு அவள்மேல் பயம் இல்லை, பிரியம்தான். முகம் தெரியாத அத்தையோடு பூட்டிய கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ பேசியிருக்கிறேன். எனக்கு ஒன்பதோ பத்தோ வயதானபோது கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், கை தவறி, எரிகிற கற்பூரத்தைச் சேலைமேல் போட்டுவிட்டேன். மஞ்சள் கரை போட்ட நீலச்சேலை. கரையோரம் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அப்பா விட்ட அறையில் காது கொய்யென்றது. அந்த நீலத்தையும் அந்த ஓட்டையையும் நான் மறப்பேனா?

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டும் என்று நான் அழுதபோது அப்பா கன்னியிடம் கேட்டார். எல்லை தாண்டினால் எடுத்துக்கொள்வேன் என்று கன்னி சொல்லிவிட்டாள். மூன்று வருஷம் வீட்டில் கிடந்தேன். அந்த மூன்று வருஷமும் பள்ளிக்கூடத்து மாஸ்டரின் மனைவி தன் வீட்டில் வைத்து எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவளே ஹட்டனில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசி இடம் வாங்கினாள். ஆவணி பிறந்ததும் கொண்டுவந்து விடுங்கள், வயதைப் பற்றிக் கவலை இல்லை, முடித்தால் டீச்சர் வேலை பார்க்கலாம் என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கடைசி வெள்ளிக்குக் கன்னியைக் கேட்போம் என்றார். அதே வாயால், பக்கத்துத் தோட்டத்தில் பொண்டாட்டி செத்த ஒரு கங்காணிக்கு என்னைக் கொடுப்பதைப் பற்றியும் அம்மாவிடம் பேசினார். ஆவணியில் பஸ்ஸா தாலியா என்பதுதான் பேச்சு. அதைச் சொல்ல வேண்டியவள் பெட்டிக்குள் இருந்தாள்.

அந்த ஆடியில் டயகம பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அம்மனுக்குத் திருவிழா நடந்தது. தம்பிக்கு அம்மை போட்டபோது நேர்ந்துகொண்ட மாவிளக்கு பாக்கி இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா என்னைக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் போய், இறங்கி, தேயிலை மலைக்குள் வளைந்து போகிற பாதையில் நடந்தோம். கோயிலடியில் கூட்டமான கூட்டம். பொங்கல் பானைகளுக்கு நடுவில் எனக்கு முன்னால் ஒருத்தி குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நீலச்சேலை. மஞ்சள் கரை. கரையோரம் கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஓட்டை, அதை நூல் போட்டு இழுத்துத் தைத்திருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்க வேண்டாம். ஆற்றோடு போகவேண்டிய சாமி சேலையை எவளோ கரையில் பொறுக்கி உடுத்தியிருக்கிறாள்! ஒரே பாய்ச்சலில் முந்தானையைப் பிடித்தேன். திருடி என்றேன். எங்கள் கன்னி உன்னைச் சும்மா விடமாட்டாள், வாயாலும் வயிற்றாலும் போவாய் என்று ஊர் கேட்கக் கத்தினேன். அவள் எழுந்து திரும்பினாள். கோபப்படவில்லை.

"சேலைய விடு புள்ள, அவுந்துரும்" என்றாள்.

என் கை தானாக விட்டுவிட்டது. அவள் முகத்தில் அப்பா இருந்தார். அதே கூர்மூக்கு, அதே இறுகிய வாய், இடது புருவத்தை அறுத்துக்கொண்டு போகும் அதே சுழி. அம்மா ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். "அடி பாவி, அது உன் அத்தைடி."

நான் மயங்கி விழவில்லை. மயங்குகிற ரகம் இல்லை நான். அத்தை லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்கு எங்களைக் கூட்டிப்போய், தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, என் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை ஆற்றில் போகவில்லை. எங்கள் தோட்டத்தின் கீழ் லயத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்து ஆட்களை எழுப்புகிற வீட்டுப் பையனோடு போனாள். அந்த வீட்டு ஆட்கள் எங்கள் வாசற்படி ஏறக்கூடாது, அவர்களுக்குத் தண்ணீரைச் சிரட்டையில்தான் ஊற்ற வேண்டும் என்று இருந்த காலம். தங்கச்சி அப்படிப் போனாள் என்பதைவிடச் செத்தாள் என்பது அப்பாவுக்கு லேசாக இருந்தது. தாவணியைப் பாறைமேல் கொண்டுபோய்ப் போட்டவர் அப்பாவேதான். லயத்து ஆட்களுக்கு இது தெரியும். வேலை கொடுக்கிற கங்காணியைப் பகைத்துக்கொண்டு யார் வாய் திறப்பார்கள்? தெரியாதவர்கள் வெளியூர்க் கோடாங்கியும் நானும் தம்பியும்தான்.

சேலை எப்படி வந்தது? அதுவும் அம்மாவின் வேலை. ஆற்றில் விடுவதாகச் சொல்லிவிட்டு, எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் துணி வெளுக்கிற டோபியின் மூட்டைக்குள் அதை வைத்துவிடுவாள். வருஷத்துக்கு ஒரு சேலை, ஒன்றுகூடத் தவறாமல் அத்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பா முன்னால் ஏறெடுத்துப் பார்க்காத என் அம்மா! அந்த நிமிஷம் எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அத்தைக்குத் தன் படையலைப் பற்றிக் கேட்கத்தான் ஆசை. என்னென்ன வைக்கிறீர்கள் என்று கேட்டாள். சர்க்கரைப் பொங்கல், அதிரசம் என்றேன். முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு இனிப்பே ஆகாதாம், கருவாட்டுக் குழம்பென்றால் சட்டியை வழிப்பாளாம். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக நான் உத்தரவுக் கதையைச் சொன்னேன். அம்மாவின் தாய் சாகக்கிடந்தபோது போகவேண்டாம் என்று கன்னி சொன்னது, என் படிப்பை நிறுத்தச் சொன்னது, இப்போது ஹட்டனுக்குக் கேட்கப்போவது. சொல்லச் சொல்ல அத்தையின் சிரிப்பு நின்றுபோனது.

"செத்துட்டேன்னு சொன்னாரு. சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்" என்றாள். "இப்ப நான் பேசுறேன்னு வேற சொல்றாரா? நான் வேணாங்குறேன்னா?"

நாங்கள் புறப்படும்போது அத்தை, கடைசி வெள்ளி என்றைக்கு வருகிறது என்று கேட்டாள்.

அந்த நாள்வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வருவாளா என்று அம்மாவைக் கேட்டால், வாயை மூடு என்பாள். வந்தால் அப்பா காலை ஒடித்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். வராவிட்டால் எனக்குத் தாலிதான் என்றும் அவளுக்குத் தெரியும். இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்று அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

கடைசி வெள்ளி பொழுது சாயும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. மிஸ்ட் வாசல்வரை வந்து நின்றது. லயத்து ஆட்கள் முன் தாழ்வார இஸ்தோப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பின்னறையைத் திறந்து, சாவியைத் திரும்ப அரையில் முடிந்துகொண்டு, பெட்டிக்குக் கீழே இலை போட வைத்தார். புதுச்சேலை பெட்டிக்குள் போனது. கோடாங்கி உடுக்கையை எடுத்தார். அப்பா எல்லாருக்கும் கேட்கும்படி என் ஹட்டன் விஷயத்தைச் சொல்லி, உத்தரவு கேட்டார். அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். பதில் தெரிந்தவனின் நிம்மதி.

உடுக்கை ஏறியது. கோடாங்கி கண்ணை மூடித் தலையை ஆட்டி, அந்தக் கீச்சுக் குரலில் இழுத்தார். "வேணாம்... எல்லைய தாண்டவேணாம்..."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

வாசலில் அத்தை நின்றாள். கற்பூர ஓட்டை விழுந்த அதே நீலச்சேலை. தலை நனைந்து, தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. உடுக்கை கோடாங்கியின் கையிலிருந்து நழுவி உருண்டது. அந்தச் சேலையைக் கன்னியின் பெட்டியில் பார்த்த பொம்பளைகள் எத்தனை பேர் அங்கே! ஒரு கிழவி தடாலென்று காலில் விழுந்தாள். விஷயம் தெரிந்த மற்றவர்களும் பின்னாலேயே விழுந்தார்கள், சிரிப்பை மறைக்க அதைவிட நல்ல இடம் ஏது? ஆட்கள் நடுவில் விட்ட வழியில் அத்தை நடந்து உள்ளே வந்தாள்.

அப்பா எழுந்தார். ஓர் அடி முன்னால் வைத்தார். அடுத்த அடி வைக்கவில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, அவருக்கும் புரிந்திருக்கும். இது என் தங்கச்சி என்று சொன்னால், அவள் சாகவில்லை என்று ஆகும். அப்புறம் பெட்டி ஏது, உத்தரவு ஏது? சாமிதான் என்று சொன்னால் சாமி சொல்வதைக் கேட்டாக வேண்டும். இத்தனை வருஷம் எங்களைக் கட்டிப்போட்ட கயிறு அவர் கழுத்திலேயே விழுந்திருந்தது.

கோடாங்கிதான் கைகூப்பிக் கேட்டார். "தாயி, நீ யாரு?"

"இந்த இலை யாருக்குப் போட்டிருக்கோ அவ."

சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பொங்கலை அள்ளினாள். பணியாரத்தைப் பிட்டாள். பிடிக்காத அதிரசத்தைக்கூட விடவில்லை, அதையும் மென்று விழுங்கினாள். மொத்த வீடும் எட்டி எட்டிப் பார்த்தது. அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில்தான்.

சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தாள். சாவுச் சோற்றில் இலையை அப்படி மடிக்கமாட்டார்கள், கல்யாண வீட்டில்தான் மடிப்பார்கள். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, புள்ளைய படிக்க அனுப்புங்க. இதுதான் என் உத்தரவு."

இஸ்தோப்பில் தொண்டையைச் செருமும் சத்தம். கீழ் லயத்துப் பெரியவர் ஒருவர், முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "கன்னியே சொல்லிருச்சு. இன்னும் என்னங்க கங்காணி?"

அப்பா இறுகிய வாய்க்குள்ளிருந்து சரி என்றார். ஒரே ஒரு சரி. அம்மா அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். எதற்கென்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் கையில் போட்டார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அத்தையின் புருஷன் வெளியே மழையில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவ்வளவு தூரம் கூடவே நடந்துவந்தும் அந்த வாசற்படிக்கு அப்பால் வரவில்லை. அம்மா இஸ்தோப்பில் வந்து நின்றாள்.

"வாங்கண்ணே. நனையாதீங்க, உள்ள வாங்க."

அண்ணே என்றாள். நாத்தனார் புருஷனை முறைப்படி அழைக்கிற அழைப்பு. அவர் தயங்கித் தயங்கித்தான் ஏறினார். அம்மா அவருக்குச் சிரட்டையில் அல்ல, அப்பாவின் பித்தளை டம்ளரில் சாயத்தண்ணி கொடுத்தாள். அப்பா அதற்குப் பிறகு அந்த டம்ளரில் குடிக்கவில்லை. அம்மா அதை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதில்தான் குடித்தாள். போகும்போது அத்தை அப்பாவைத் தாண்டிப்போய், நின்று, திரும்பினாள். உப்புச் சப்பில்லாத குரலில், அடுத்த வருஷம் கருவாடு வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆவணி பிறந்தது. எனக்கு டிரங்குப் பெட்டி இல்லை. அம்மா பின்னறையைத் திறந்து, உத்தரத்துக் கயிற்றை அறுத்து, கன்னியின் ஓலைப்பெட்டியைக் கீழே இறக்கினாள். என் பாவாடை சட்டையை அதற்குள் அடுக்கினாள். அந்தச் சீப்பையும் கண்ணாடியையும் எனக்கே வைத்தாள். அந்த வருஷத்துப் புதுச்சேலையை மட்டும் வெளியே எடுத்தாள். அதை டோபி மூட்டையில் வைக்கவில்லை, பகலோடு பகலாகக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரப்பத்தனை பஸ் நிற்கிற இடத்துக்கு என்னோடு நடந்துவந்தாள். அத்தை அங்கே எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தாள். ஊர் பார்க்க அம்மா சேலையை அவளிடம் கொடுத்தாள்.

அப்பாவும் வந்திருந்தார். கூட வரவில்லை, கடை ஓரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் உறுமியது. அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடை ஓரம்வரை கேட்கும்படி, சத்தமாகவே சொன்னாள்.

"இனிமே எதுக்கும் யார்கிட்டயும் உத்தரவு கேக்காத புள்ள. எவனாச்சும் வேணாம்னா எனக்குச் சொல்லி அனுப்பு. வந்து ஒரு இலை சாப்பிட்டுட்டுப் போறேன்."